நான் எனக்கு என்ன முறை

ஆமா, முப்பத்தேழுதான். யாரு இல்லேன்னா? முப்பத்தேழு வயசுக்காரி பரீட்சை எழுதக் கூடாதுன்னு எந்தக் கலெக்டரு ஆர்டர் போட்டிருக்காரு, காட்டு பாப்பம். ஓட்டுப் போட வயசு இருக்கு, கல்யாணம் கட்ட வயசு இருக்கு, படிக்கிறதுக்கு என்னம்மா வயசு, அது என்ன பஸ்ஸுல அரை டிக்கெட்டா? இப்பிடி நறுக்குன்னு கேட்டிருக்கணும். ஆனா அம்மா சீனியம்மா போன்ல, "இந்த வயசுல ஒனக்கு எதுக்குடி எம்பிஏ, ஒன்னால ஆகுற காரியமா அது"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் கூட நிக்காம வச்சிட்டுப் போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பதிலு இப்பத்தான் பாண்டிச்செல்வி வாயில வந்து நிக்கிது. அவளுக்கு எப்பவும் இப்பிடித்தான், சண்டை முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவுனதுக்கப்புறம் நாலு நல்ல வார்த்தையா வரும். அம்மா பேசலாமா வயசைப் பத்தி? அம்பத்திரெண்டு வயசுல மொபெட் ஓட்டக் கத்துக்கிறேன்னு கெளம்பி, ஜெய்ஹிந்துபுரம் முக்குல வாழைப்பழ வண்டியில கொண்டுபோயி விட்டுட்டு, "வண்டி குறுக்க வந்துருச்சு"ன்னு நின்ன வண்டியப் பாத்துச் சொன்ன ஆளு. பழக்காரரு திட்ட வந்தவரு சிரிச்சுட்டாரு, ஒரு சீப்பும் குடுத்தனுப்புனாரு. அந்தப் பழத்தை உரிச்சுத் தின்னுக்கிட்டே அடுத்த ரவுண்டு போச்சு அம்மா. அதைச் சொல்லிக் காட்டியிருக்கணும். ஐயோ, நேரம். லேப்டாப்புல மேல வலது பக்கம் சின்னதா ஒரு கடிகாரம், கொறைஞ்சுக்கிட்டே ஓடுது, முப்பத்தெட்டு நிமிசம் பத்து செகண்டுங்குது. இங்கிலீசு முடிஞ்சுது, கணக்கு முடிஞ்சுது, இப்ப ஓடுறது கடைசிப் பகுதி, லாஜிக்கு. வீட்டுலருந்தே எழுதுற மாதிரித் தேர்வுதான், நெசப் பரீட்சை இல்ல, ஆனா பாண்டிச்செல்விக்கு நெசத்தை விடப் பெருசு இது. ரெண்டு வருசம் எழுதி ரெண்டு வருசமும் வழுக்கியாச்சு. போன வாரம் கோச்சிங் சென்டர் டைட்டஸ் சார் முன்னாடி, வீட்டுக்காரரு வைரமணியும் பக்கத்துல நிக்க, அவளே வாயத் தொறந்து சொல்லிட்டா: ஞாயித்துக்கெழம மாதிரித் தேர்வுல நூத்துக்கு அறுவது எடுத்தா இந்த வருசம் அப்ளிகேசன் போடுறேன், எடுக்கலேன்னா புத்தகத்தையெல்லாம் கட்டி சென்டருக்கே குடுத்துட்டு இந்தப் பேச்சையே விட்டுர்றேன். அப்ளிகேசனுக்குக் கடைசி நாளு இன்னைக்கு, சாயங்காலம் அஞ்சு மணி. சொல்லச் சொல்லி யாரும் கேக்கல. நாக்குல சனி ஏறி உக்காந்த மாதிரி அதுவாச் சொல்லிச்சு.

எழுவத்தாறாவது கேள்வி, எழுவத்தேழு, வரிசையில எட்டுப் பேரு வடக்கப் பாத்து உக்காந்திருக்காங்களாம், யாரு பக்கத்துல யாரு. இதெல்லாம் ஒரு கணக்கா. அப்பளக் கம்பெனியில பதினாலு வருசமா லாரியில எந்தக் கட்டு அடியில போகணும், எது மேல போகணும், திண்டுக்கல்ல எறங்குறது முன்னாடி இருக்கணும், திருச்சியில எறங்குறது பின்னாடி இருக்கணும், நசுங்குறது ஓரத்துல போகக் கூடாதுன்னு மனசுலயே அடுக்குறவ அவ. எட்டுப் பேரை உக்கார வைக்க எம்புட்டு நேரமாகும்? அதுலயும் இவங்க நசுங்க மாட்டாங்க. டக்கு டக்குன்னு நாலு கேள்வி போச்சு. அந்த அப்பளக் கம்பெனிதான் இத்தனைக்கும் காரணம். மழை வரும்னா பாண்டிச்செல்விக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே தெரியும், மாடியில காயப்போட்ட அப்பளத்தை ஓரத்துல தொட்டுப் பாப்பா, ஓரம் கொஞ்சம் தொவண்டா ஐப்பசி மழை வாசலுக்கு வந்துருச்சுன்னு அர்த்தம், உடனே ஒரு வாரத்துச் சரக்கை முன்னாடியே போட வச்சு குடோன்ல அடுக்கிருவா. பெரிய முதலாளி ஒண்ணும் கேக்க மாட்டாரு, "செல்வி சொன்னாச் செய்யுங்கப்பா"ம்பாரு. சின்ன முதலாளி வந்தாரு வெளிநாட்டுல எம்பிஏ முடிச்சுட்டு. வந்த மொத வாரம் சுவத்துல வெள்ளையா வெளிச்சம் போட்டு அம்பும் டப்பாவுமா வரைஞ்சு காட்டுனாரு. பாண்டிச்செல்வி பின்னால நின்னு பாத்தா. அத்தனையும் அவ செஞ்சுக்கிட்டிருந்ததுதான்! மழைக்கு முன்னாடி சரக்குச் சேக்குறதுக்கு ஒரு இங்கிலீசுப் பேரு, லாரி அடுக்குறதுக்கு ஒரு பேரு, வாடிப்பட்டிக்காரரு உளுந்து அனுப்பலேன்னா சோழவந்தான்காரரைக் கூப்பிடுறதுக்குக் கூட ஒரு பேரு இருந்துச்சு. பேரு இருக்குன்னு தெரிஞ்சதும் அவளுக்கு என்ன சந்தோசம்ங்கிறே! புள்ளை பெத்து பதினாலு வருசம் பேரு வைக்காம வளத்தவளுக்கு ஒருத்தர் வந்து பேரு சொன்ன மாதிரி. "தம்பி, இந்த மூணாவது டப்பா இருக்குல்ல, அது இப்பிடி வராது, மழைக்காலத்துல அது திரும்பிப் போகும்"னு கை நீட்டிச் சொன்னா. சின்ன முதலாளி நல்லவருதான், சிரிச்ச மொகம்தான், சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "அக்கா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது." திட்டியிருந்தாக் கூட மறந்திருப்பா. வீட்டுக்கு வந்து சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்தவ, சோறு ஆறுற வரைக்கும் எந்திரிக்கல. அவ புருசன், என்னடி ஆச்சுன்னு கேட்டதுக்கு, "அந்தப் பேரையெல்லாம் நான் படிக்கணும்"ன்னா. அம்புட்டுத்தான். அறுவது எடுக்கலேன்னா அந்த 'உங்களுக்குப் புரியாது'தான் மிச்சம், அதோடதான் இன்னும் இருவது வருசம் லாரி அடுக்கணும்.

இருவத்தொம்பது நிமிசம். அடுக்களையில குக்கர் விசில் விடுது. ஞாயித்துக்கெழம சமையல் வைரமணியோடது, ஆட்டுக்கறிக் கொழம்பு, மெளகு தூக்கலாப் போடும். சத்தம் போடாம இருக்கேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனது, சத்தம் போடாம இருக்குறேன்னு தட்டைத் தூக்கிக் கீழ வைக்கிறதுல தெருவே எந்திரிக்கும். தெருவு ஏற்கெனவே எந்திரிச்சுத்தான் கெடக்கு, நாலு வீடு தள்ளிக் காதுகுத்து, வாழைமரம், பந்தல், ஒலிபெருக்கி. பாட்டு ஓடும், நடுவுல பாட்டை நிறுத்தி ஒரு ஆளு, "தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும், புள்ளை அழுகுது, தாய்மாமன் மடி இல்லாம ஆசாரி கையில ஊசி எடுக்க மாட்டாரு"ம்பாரு. திரும்பப் பாட்டு. இப்ப வந்துருச்சு ரத்த சம்பந்தக் கேள்விக. யாருக்கு யாரு என்ன உறவு. இதுலதான் பாண்டிச்செல்வி ராணி. டைட்டஸ் சார் மொத நாளே சொல்லிக் குடுத்தாரு, கேள்வியப் படிச்சுக்கிட்டே மரம் மாதிரி கோடு போடுங்க, ஆம்பளைக்குப் பக்கத்துல பிளஸ், பொம்பளைக்குப் பக்கத்துல மைனஸ்னு. "ஏன் சார், எங்களுக்கு மட்டும் மைனஸ்?" "சும்மா ஒரு அடையாளம்மா." "அப்ப மாத்திப் போட்டாலும் வரும்ல சார்?" வகுப்புல எல்லாம் இருவத்திரெண்டு இருவத்திமூணு வயசுப் பிள்ளைக, கைதட்டிருச்சுக. அதுலருந்து அவ பொம்பளைக்கு மைனஸ் போட மாட்டா, ஒரு பொட்டு வைப்பா. ஆம்பளைக்கு ஒண்ணும் வைக்க மாட்டா, மீசை வரைஞ்சா நேரமாகும். எம்பத்தோராவது கேள்வி: கியூவோட மனைவியோட தங்கச்சியோட புருசன், கியூவுக்கு என்ன வேணும்? இதுக்கு இங்கிலீசுல ஒன்றரை வரி. சகலை! ஒத்தை வார்த்தை, முடிஞ்சுது சோலி. ஆனா விடையில சகலைன்னு இருக்காதே, பிரதர்-இன்-லான்னுதான் இருக்கும். மச்சினனும் பிரதர்-இன்-லா, கொழுந்தனும் பிரதர்-இன்-லா, சகலையும் அதே. எப்பிடித்தான் அந்த ஊருல சீரு செய்றாங்களோ, யாருக்கு மொதல்ல தாம்பூலம் குடுப்பாங்களோ, ஒரே சண்டையாத்தான் இருக்கும். எம்பத்திரெண்டு, அதுவும் சரி. எம்பத்திமூணு.

எம்பத்திமூணு என்ன கேக்குதுன்னா, ஏ-ங்குற பொண்ணோட அம்மாவுக்கு ஒரே ஒரு கூடப்பொறந்தவரு, பி. அந்த பி-யோட மனைவி சி. சி, ஏ-க்கு என்ன வேணும்? நாலு விடை குடுத்திருக்கான். ஆன்ட்டி, சிஸ்டர், மதர்-இன்-லா, நாலாவது, குடுத்த தகவலை வச்சுத் தீர்மானிக்க முடியாது. பச்சைப் புள்ளைக்குக் கூடத் தெரியும். அம்மா, பொட்டு. அம்மாவோட தம்பி, கோடு. தம்பி பொண்டாட்டி, பொட்டு. அம்மாவோட தம்பின்னா மாமா. மாமாவோட பொண்டாட்டின்னா... பாண்டிச்செல்வி பேனா நின்னுபோச்சு. மாமாவோட பொண்டாட்டி நாந்தானே! வைரமணி அவளுக்குக் கட்டுன புருசன் மட்டும் இல்ல, சொந்தத் தாய்மாமன், சீனியம்மாவோட ஒரே தம்பி. அக்காவுக்கும் தம்பிக்கும் பதினாறு வயசு வித்தியாசம், அக்கா மகளுக்கும் மாமனுக்கும் நாலே வயசு, ஒண்ணா வளந்து, ஒண்ணாக் கோலிக்குண்டு வெளையாடி, "போடா மாமா"ன்னு கூப்பிட்டவ, தாலி ஏறுன அன்னைக்கு அம்மா காதைத் திருகி "இனிமே வாங்க போங்க"ன்னு சொல்லிக் குடுத்துச்சு. வெளியாளு இருந்தா இன்னைக்கும் வாங்க போங்கதான், ஆளு போயிட்டா வா மாமா போ மாமாதான். அப்ப ஏ யாரு? நானு. சி யாரு? அதுவும் நானு. அப்ப நான் எனக்கு என்ன முறை வேணும்? கண்ணாடியில மொகத்தைப் பாத்து அத்தை வாங்கன்னு கூப்பிடவா? அவளுக்குக் குபுக்குன்னு சிரிப்பு வந்துருச்சு, கேமரா ஓடுதே, பரீட்சையில சிரிச்சா அந்தக் கம்ப்யூட்டரு எச்சரிக்கை குடுக்கும்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டா. கல்யாணத்துலயும் இதே கூத்துத்தான். மொத முடிச்சு மாப்ள போடுவாரு, பாக்கி ரெண்டு முடிச்சு மாப்ளையோட அக்கா தங்கச்சி போடணும். மாப்ளையோட அக்கா யாரு, பொண்ணோட அம்மா. நாத்தனாரு முடிச்சுக்கு வாங்கன்னு அய்யரு கூப்பிடுறாரு, சீனியம்மா பொண்ணு வீட்டு ஆளா நின்னு அழுதுக்கிட்டிருந்தது கண்ணைத் தொடச்சுக்கிட்டு மாப்ள வீட்டு ஆளா இந்தப் பக்கம் வந்து, விறைப்பா ரெண்டு முடிச்சுப் போட்டுட்டு, திரும்பப் பொண்ணு வீட்டுப் பக்கம் போயி அழுகையத் தொடந்துச்சு. பந்தியிலயும் விடலியே, மாப்ள வீட்டுப் பந்தியில மொத வரிசை, பொண்ணு வீட்டுப் பந்தியில கடைசி வரிசை, ரெண்டு தடவையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சுச்சு. இன்னைக்கு வரைக்கும் அது அப்பிடித்தான். அயிரமீன் கொழம்பு தூக்குவாளியில வந்தா வந்திருக்குறது அம்மா. "ஒன்னால ஆகுற காரியமா"ன்னு வந்தா வந்திருக்குறது நாத்தனாரு. ஹாஸ்டல்ல இருக்குற மகளுக்கு அதுக்கும் மேல கொழப்பம், சீனியம்மா அவளுக்கு அம்மாவைப் பெத்த அம்மாச்சியா, அப்பாகூடப் பொறந்த அத்தையான்னு, ரெண்டையும் ஒட்டி 'அம்மாச்சியத்த'ன்னு கூப்பிடுறா.

பத்தொம்பது நிமிசம். அட பாவி, ஒரு கேள்விக்கா இம்புட்டு நேரம்! விடு, ஆன்ட்டின்னு போட்டுட்டுப் போ. டைட்டஸ் சார் தலைபாடா அடிச்சுக்கிட்டது இதுக்குத்தான்: "பாண்டிச்செல்வி, குடும்பத்தை வாசல்லயே விட்டுட்டு வரணும், பரீட்சைக்குள்ள கூட்டிட்டு வரக் கூடாது." போட்டா, ஆன்ட்டி. அடுத்த கேள்விக்குப் போனா. எம்பத்திநாலு, ஒரு ஊருல அஞ்சு பேரு அஞ்சு கலருல சட்டை. செகப்புச் சட்டைக்காரரு டாக்டரு இல்ல. சரி, இல்ல. ஆன்ட்டின்னா என்ன, அத்தையா, சித்தியா, பெரியம்மாவா? மாமா பொண்டாட்டி அத்தை. பச்சைச் சட்டைக்காரரு வக்கீலுக்கு எடது பக்கம். நான் எனக்கு அத்தையா? அப்ப என் அம்மா எனக்கு நாத்தனாரு, அத்தைக்கு நாத்தனாரு அம்மா, அதுவும் சரியாத்தானே வருது... ச்சீ, போ. சட்டைக்காரனுகளைப் பாரு. ஒலிபெருக்கியில பாட்டு நின்னுச்சு. "தாய்மாமன் ரயில்ல வந்துக்கிட்டிருக்காராம், பெரியவுக பொறுத்துக்கங்க, பந்தி மொதல்ல நடக்கட்டும்." அந்தப் புள்ளை வளந்து அந்த மாமனையே கட்டுனா? கட்டலாம், யாரு வேணாங்குறது, அவ சம்மதிச்சாக் கட்டலாம். கட்டாமலும் போகலாம். ஏ-ன்னு ஒரு எழுத்தைப் போட்டுட்டா மட்டும், அவ மாமனைக் கட்டுனாளா இல்லியான்னு தெரிஞ்சிருமா? கேள்வியில எங்கயாச்சும், 'ஏ-யும் சி-யும் வேற வேற ஆளு'ன்னு எழுதியிருக்கான்? இல்லியே. தேடிப் பாத்தா, ஒவ்வொரு எழுத்தா, இல்லவே இல்ல. எழுதாததை நான் ஏன் வச்சுக்கணும்? கதவு கொஞ்சமாத் தொறந்துச்சு, வைரமணி மொகம் மட்டும் உள்ள வந்துச்சு, சட்டையில்லாத ஒடம்பு கேமராவுல விழாம வெளிய, கையில கரண்டி, வாயைத் தொறக்காம கண்ணாலயே 'எப்பிடிப் போகுது'ன்னு கேட்டுச்சு. இவ கையால போ போன்னா. போகாம, கரண்டியக் காட்டி உப்புப் பாக்குறியாங்குது. பரீட்சை நடுவுல உப்புப் பாக்கச் சொல்ற மனுசன் ஒலகத்துல வேற யாரு. போன வருசம் நெசப் பரீட்சைக்கு மதுரைலருந்து திருச்சி வரைக்கும் கூட வந்து, நாலு மணி நேரம் வெயில்ல மரத்தடியில நின்னு, வெளிய வந்தவ மொகத்தைப் பாத்ததும் ஒண்ணும் கேக்காம, "வா, பரோட்டா திங்கலாம்"னு சொன்ன ஆளு. நாலு பரோட்டா முடியிற வரைக்கும் பரீட்சைங்குற வார்த்தையே வரல. கண்ணுல தண்ணி முட்டுச்சு அவளுக்கு, அப்பவும் சிரிப்புத்தான் முன்னாடி வந்துச்சு. அந்த மொகத்தைப் பாத்துக்கிட்டே, இந்த மாமனோட பொண்டாட்டி யாருன்னு கேட்டா 'எங்க அத்தை'ன்னு எவளாச்சும் எழுதுவாளா? திரும்பிப் போனா எம்பத்திமூணுக்கு. டைட்டஸ் சார் மன்னிக்கணும். என்ன விடை எதிர்பாக்குறான்னு தெரியும், தெரிஞ்சேதான். ஆன்ட்டிய அழிச்சா. நாலாவதுல போட்டா. தீர்மானிக்க முடியாது.

பதினொரு நிமிசம், பாக்கி பதினேழு கேள்வி. கை நிக்கல. லாரி கெளம்ப அஞ்சு நிமிசம் இருக்கையில இருவது கட்டு பாக்கி கெடந்தா எப்பிடி ஏத்துவாளோ அப்பிடி ஏத்துனா. கடிகாரத்துல முள்ளு எத்தனை டிகிரி, ஏத்து. தெற்கப் பாத்து நடந்து எடது திரும்பி எடது திரும்பி, ஏத்து. இது சந்தேகம், ஓரத்துல வை. இது தெரியவே தெரியாது, எறக்கிப் போட்டுரு, தப்புக்குக் கால் மார்க்கு பிடிப்பான். தொண்ணூத்தேழுல நிக்கையில திரை தானா மூடிக்கிச்சு. ஒரு சக்கரம் சுத்துச்சு, சுத்துச்சு, அது சுத்துற நேரத்துல அவ புத்தகத்தையெல்லாம் எந்தக் கயித்துல கட்டுறதுன்னு வரைக்கும் யோசிச்சு முடிச்சுட்டா. வந்துச்சு மார்க்கு. அம்பத்தெட்டே முக்கா. அறுவதுன்னு சொன்ன வாயி அவளோட வாயி. அம்பத்தெட்டே முக்காலை யாருகிட்டச் சொல்லி அறுவதாக்குறது? கீழ தள்ளிப் பாத்தா, எது சரி எது தப்புன்னு பச்சையும் செகப்புமா வருது. லாரி ஏத்துன மாதிரி ஏத்துனதுல பாதிக்கு மேல பச்சை. எம்பத்திமூணு செகப்பு. பக்கத்துல 'சரியான விடை: ஆன்ட்டி'. பாண்டிச்செல்வி அதையே பாத்தா. அப்புறம் நாக்காலிய முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டு, ஆளு எதுத்தாப்புல உக்காந்திருக்குற மாதிரி கேட்டா: "ஏம்ப்பா, கேள்வி போட்ட தம்பி, ஒனக்கு இது புரியாதுல்ல?" ஒரு கட்டுல அப்பளம் கொறையிறது வேற, எண்ணுறவன் தப்பா எண்ணுறது வேற. கொறஞ்ச கட்டை அவ ஒருநாளும் லாரியில ஏத்துனதில்ல, ஆனா ஒழுங்கான கட்டை ஒருத்தன் எண்ணத் தெரியாம ஒதுக்குனா அதையும் ஒருநாளும் விட்டதில்ல, அவன் முன்னாடியே பிரிச்சு எண்ணிக் காட்டிருவா. எண்ணுனா. சரின்னு வச்சா ஒரு மார்க்கு வரணும். தப்புன்னு சொல்லிப் பிடிச்சானே, அந்தக் கால் திரும்ப வரணும். ஒண்ணும் காலும் ஒண்ணேகால். அம்பத்தெட்டே முக்காலும் ஒண்ணேகாலும். வெரலை மடக்கி ரெண்டு தடவை கூட்டிப் பாத்தா, மூணாவது தடவை தாளுல எழுதியே கூட்டிப் பாத்தா. கதவுக்கு வெளிய மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற சத்தம், கரண்டிலருந்து கொழம்பு சொட்டுற சத்தம் கூடக் கேட்டுச்சு. "முடிஞ்சுதா செல்வி? எவ்வளவு?" "அறுவது." "அறுவதா? சரியா அறுவதா?" "சரியா அறுவதுதான் மாமா, நான் சொல்றேன்ல, அதுக்குச் சாட்சியே நீதான், அப்புறமா வெளக்குறேன். இப்ப அந்தக் கரண்டியக் கீழ வச்சிட்டு, பீரோவுல மேல் தட்டுல என் ஆதார் கார்டு இருக்கு, அதையும் ரெண்டு போட்டோவையும் எடுத்துக்கிட்டு உள்ள வா. சட்டையில்லேன்னா பரவால்ல, கேமரா அணைஞ்சிருச்சு, வா மாமா!"